எழுத்தாளராகப் போகும் பிள்ளையின் பெற்றோர் கவனத்துக்கு

பிளஸ் டூ முடிவு வந்த கையோடு ஊருக்கு ஊர் கல்யாண மண்டபங்களில் கல்விக் கண்காட்சி தொடங்கிவிடுகிறது. கடல்சார் பொறியியலுக்கு ஒரு ஸ்டால், தடய அறிவியலுக்கு ஒரு ஸ்டால், விமானப் பணிப்பெண் பயிற்சிக்கு ஒரு ஸ்டால். பந்தி பரிமாறும் கூடத்தில் கேட்டரிங் கல்லூரிக்காரர் பேனர் கட்டியிருக்கிறார். தமிழில் எழுதிப் பிழைப்பதற்கு மட்டும் ஸ்டால் கிடையாது. மூத்த மொழி, செம்மொழி என்று மேடைக்கு மேடை மார்தட்டுகிற நாட்டில், அந்த மொழியில் எழுதுகிறவன் மத்தியானம் என்ன சாப்பிடுவான் என்று சொல்ல ஒரு துண்டறிக்கைகூட இல்லை. அந்தக் குறையைப் போக்கத்தான் இது. ஆலோசனைக் கட்டணம் இல்லை. எழுத்தாளனுக்குக் கட்டணம் கொடுக்கிற கெட்ட பழக்கம் உங்களுக்கு இல்லை என்று தெரியும் என்பதால் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

பையனோ பெண்ணோ எழுத்தாளராக வேண்டும் என்று வந்து நின்றால் அதிர்ச்சி அடையாதீர்கள். முதலில் வேறு ஏதாவது ஒரு வேலையில் சேர்த்துவிடுங்கள். இதுவரை சோதித்துப் பார்த்துத் தேறிய வழி இது ஒன்றுதான். ந. பிச்சமூர்த்தி கோயில் நிர்வாக அதிகாரி. அகிலன் ஆர்.எம்.எஸ்.ஸில் கடிதம் பிரித்தவர், பிறகு வானொலி. தி. ஜானகிராமன் பள்ளிக்கூட வாத்தியார், அவரும் பிறகு வானொலி. சுந்தர ராமசாமிக்கு நாகர்கோவிலில் ஜவுளிக்கடை. சுஜாதா பாரத் எலெக்ட்ரானிக்ஸ் என்ஜினீயர். வண்ணதாசன் ஸ்டேட் வங்கி, பூமணி கூட்டுறவுத் துறை, ஜெயமோகன் தொலைபேசித் துறை, இமையம் பள்ளிக்கூடம். நாஞ்சில் நாடன் பை தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்த விற்பனைப் பிரதிநிதி.

நவீனத் தமிழ் இலக்கியத்தை வாழவைத்த புரவலர் யார் என்று முனைவர் பட்டத்துக்கு ஆராய்கிறவர்கள் பாரி, ஓரி என்று மலைப் பக்கம் போக வேண்டாம். தபால் துறை, தொலைபேசித் துறை, ஸ்டேட் வங்கி, வானொலி நிலையம். இவர்கள்தான் நம் வள்ளல்கள். முல்லைக்குத் தேர் கொடுக்கவில்லை. ஒன்றாம் தேதி சம்பளமும், பி.எஃப்.பும், ஐந்தரை மணிக்கு வீட்டுக்குப் போகிற உரிமையும் கொடுத்தார்கள். அந்த ஐந்தரைக்குப் பிறகுதான் நாம் கொண்டாடுகிற நாவல்களில் பாதி பிறந்தன. தமிழ்ச் சமூகம் அதற்குச் செய்த செலவு சுத்தமாகப் பூஜ்யம்.

அந்தக் கதவும் இப்போது சாத்தியாயிற்று. பி.எஸ்.என்.எல். 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் 78,000 பேருக்கு மேற்பட்டவர்களை விருப்ப ஓய்வில் வீட்டுக்கு அனுப்பியது. நிரந்தர வேலை இருந்த நாற்காலியில் எல்லாம் ஒப்பந்த ஊழியர் உட்கார்ந்திருக்கிறார். காலை ஒன்பதுக்குப் போனால் ராத்திரி ஒன்பதுக்கு வருகிறார். வந்த பிறகும் வாட்ஸ்அப்பில் மேலதிகாரி இருக்கிறார். அடுத்த தலைமுறை நாவலை எந்த நேரத்தில், எந்த மேஜையில் எழுதுவார்கள் என்று நம் கலாசாரக் காவலர்கள் யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அவர்கள் சிலைக்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

வேறு வேலை வேண்டாம், எழுத்தே போதும் என்று அடம்பிடிக்கிற பிள்ளைக்கு ஒரு முன்னுதாரணம் சொல்லுங்கள். 1920-இல் ஒருவர் தம் எழுத்துகளை நாற்பது புத்தகங்களாக, ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் பிரதி அச்சிடத் திட்டம் போட்டார். ஊரில் நான்கு பேரிடம் தானம் கேட்கவில்லை. ஆளுக்கு நூறு ரூபாய் கடன், வட்டியோடு திருப்பித் தருகிறேன் என்று முறையாகச் சுற்றறிக்கை விட்டார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும்போல வீட்டுக்கு வீடு தம் புத்தகம் போகும் என்று கணக்குப் போட்டிருந்தார். வியாபாரத் திட்டம் என்று பார்த்தால் இன்றைய ஸ்டார்ட்-அப்காரர்கள் காட்டுகிற படங்களைவிட நேர்மையானது. நாடு பணம் அனுப்பவில்லை. அடுத்த வருஷம் அவர் செத்துப்போனார். 1949-இல் அரசாங்கம் அவர் எழுத்தின் உரிமையை வாங்கியது. பாரதியின் கடன் விண்ணப்பம் பரிசீலனையில் இருந்த காலம் 29 வருஷம் என்று வைத்துக்கொள்ளலாம்.

புதுமைப்பித்தன் பத்திரிகை வேலையை உதறினார், சினிமாவுக்குப் போனார், சொந்தமாகப் படம் எடுக்கவும் துணிந்தார். 1948-இல் காசநோயோடு போய்ச் சேர்ந்தபோது வயது 42. அவர் எழுத்து நாட்டுடைமை ஆனது 2002-இல். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். நாம் யானை உயிரோடு இருக்கிற வரைக்கும் தீனி போட மாட்டோம். தந்தத்துக்கு மட்டும் டெண்டர் விடுவோம்.

இப்போது புத்தகம். பதிப்பாளர் உரிமைத்தொகை பத்து சதவீதம் என்பார். இருநூறு ரூபாய்ப் புத்தகத்துக்கு இருபது ரூபாய். கடைக்காரருக்குப் போகிற கழிவு அதைப்போல மூன்று மடங்கு இருக்கும். காகிதக் கடை, அச்சகம், பைண்டிங், லாரி ஷெட், புத்தகக் காட்சி ஸ்டால் வாடகை என்று எல்லாருக்கும் போய், கடைசியில் நிற்கிறவன் எழுதினவன். மூன்று வருஷம் உட்கார்ந்து எழுதிய நாவல் முந்நூறு பிரதி அடித்து, முந்நூறும் விற்றால் ஆறாயிரம் ரூபாய். விற்றதா என்பது பதிப்பாளருக்கும் அவர் கணினிக்கும் இடையிலான பரம ரகசியம்.

கேட்டுப் பாருங்கள். "என்ன சார், நம்மகிட்டப் போய்க் கணக்குக் கேக்கறீங்க? நாம அப்படியா பழகியிருக்கோம்?" என்பார். முகத்தில் நிஜமான வருத்தம் இருக்கும். உடனே டீ வரும். பழைய எழுத்தாளர் ஒருவர் கணக்கே கேட்காமல் பெருந்தன்மையாக இருந்த கதை வரும். குடோனைத் திறந்து, பழுப்பு உறை போட்ட கட்டுகளைக் காட்டி, "உங்க புத்தகம்தான் சார், பாருங்க, எறும்பு அரிக்காம வச்சிருக்கேன்" என்பார். போன வாரம்தான் அதே புத்தகத்தின் மூன்றாம் பதிப்பை அவர் கடையில் ஒரு வாசகர் வாங்கிப் படம் அனுப்பியிருப்பார். அதைச் சொன்னால் டீ ஆறிவிடும். நீங்கள் இலக்கியவாதி இல்லை, வியாபாரி என்று ஊரெல்லாம் பேச்சாகிவிடும். வியாபாரம் செய்கிறவர் வாயிலிருந்தே அந்த வார்த்தை வசவாக வரும் என்பதுதான் இந்தத் தொழிலின் விசேஷம்.

உரிமைத்தொகையை ஒழுங்காக, கேட்காமலே அனுப்புகிற பதிப்பாளர்களும் உண்டு. அவர்களைப் பற்றி எழுத்தாளர்கள் பேசிக்கொள்வதைக் கேட்க வேண்டும். வெள்ளைக் காக்கையைப் பார்த்தவன்கூட அவ்வளவு பரவசப்பட மாட்டான். கொடுக்க வேண்டியதைக் கொடுத்தவரைக் கையெடுத்துக் கும்பிடுகிற நிலையில் ஒரு தொழில் இருக்கிறது.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், யாரும் சொல்ல மாட்டார்கள். 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை வருஷத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருஷம்தான். அதற்கப்புறம் உரிமை எழுதினவனுக்கே திரும்பிவிடும். இந்தச் சட்டம் தெரியாமல், வாய்ப்பேச்சில் கொடுத்த புத்தகத்தை இருபது வருஷமாகப் பதிப்பாளர் சொத்து என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள் எத்தனை பேர்! தெரிந்தவர்களும் கேட்பதில்லை. பழக்கம் கெட்டுவிடுமாம்.

வருமான வரித் துறைக்கு மட்டும் நம்மீது நம்பிக்கை அதிகம். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 80கியூகியூபி என்று ஒரு பிரிவு வைத்தார்கள். எழுத்தாளரின் உரிமைத்தொகையில் 3 லட்சம் ரூபாய் வரைக்கும் வரிக்கழிவு. இருபது ரூபாய் வீதம் 3 லட்சம் வர வேண்டுமானால் வருஷத்துக்குப் பதினைந்தாயிரம் பிரதி விற்க வேண்டும். தமிழ்க் கவிஞர் ஒருவர் அந்தச் சலுகையை முழுசாக அனுபவிக்க, ஆயுள் முழுக்க விற்றதை ஒரே நிதியாண்டில் விற்றுக் காட்ட வேண்டும்; அப்போதும் எட்டாது. புதிய வரிமுறைக்குப் போனால் அந்தக் கழிவும் கிடையாது. பரவாயில்லை, இல்லாத சோற்றில் உப்புக் குறைந்தால் யாருக்கு நஷ்டம்.

நூலகம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. நீங்கள் கட்டுகிற வீட்டு வரியோடு நூலக வரி பத்து சதவீதம் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். அந்தப் பணம் உள்ளாட்சியிலிருந்து நூலகத் துறைக்குப் போய்ச் சேருவதற்குள் காவிரி கடைமடைக்கு வந்துவிடும். வந்தால், புத்தகம் வாங்குவார்கள். பல வருஷம் பாரத்தை எண்ணித்தான் விலை போட்டார்கள். பாரம் என்றால் பதினாறு பக்கம். எட்டு வரியில் உயிரை வைத்து எழுதிய கவிஞனும், பக்கத்தை ரொப்பியவரும் ஒரே தராசில் ஏறினார்கள். கீரைக் கட்டுக்குக்கூட வாடலா பச்சையா என்று பார்த்து விலை சொல்கிற ஊர் இது.

சரி, சினிமா. எல்லாரும் கைகாட்டுகிற திசை. சாலிகிராமத்தில் இரண்டாம் மாடியில் ஒரு ஃபிளாட். தரையில் பாய், நடுவில் பிளாஸ்க், சுவரோரமாக உதவி இயக்குநர்கள். "சார், உங்க நாவல்ல அந்தக் கிணத்து சீன் இருக்கே, தூங்கவே முடியல சார்" என்று இயக்குநர் தொடங்குவார். நாவலை அவர் படித்திருக்க மாட்டார். சுவரோரத்தில் இரண்டாவதாக உட்கார்ந்திருக்கிறவர் படித்துச் சொல்லியிருப்பார். பத்து நாள் பேச்சு. நீங்கள் சொல்வதை எல்லாம் ஒருவர் போனில் பதிவுசெய்வார். கதாநாயகனுக்கு ஓப்பனிங் வேண்டும் என்பதால் கிணறு மலையுச்சிக்குப் போகும். பத்தாம் நாள் டோக்கன் அட்வான்ஸ் பற்றி வாயெடுத்தால், "புரொடியூசர் இன்னும் ஓகே பண்ணல சார், ஓகே ஆனதும் முதல் கவர் உங்களுக்குத்தான்" என்பார். அந்தப் பத்து நாளும் டீ வாங்கிவந்த புரொடக்‌ஷன் பையனுக்கு அன்றன்றைக்கு பேட்டா போயிருக்கும். போகத்தான் வேண்டும், அவன் உழைத்தான். நீங்கள் பேசிக்கொண்டுதானே இருந்தீர்கள்.

ஒன்றரை வருஷம் கழித்துப் படம் வரும். கிணறு இருக்கும். உங்கள் பெயர், "நன்றி" என்று ஓடுகிற நூற்றுச் சொச்சம் பெயர்களில், மதுரை ஓட்டல்காரருக்கும் ஒரு காவல்துறை உதவி ஆணையருக்கும் இடையில் இருக்கும். சண்டை போடலாம். 2018-இல் 'சர்கார்' படத்துக்கு உதவி இயக்குநர் ஒருவர் சண்டை போட்டார், எழுத்தாளர் சங்கம் ஒப்பிட்டுப் பார்த்தது, உயர்நீதிமன்றம்வரை போனது, கடைசியில் படத்தில் அவர் பெயரைப் போட ஒப்புக்கொண்டார்கள். ஒரு பெயருக்கு உயர்நீதிமன்றம். பணத்துக்கு எந்த மன்றம் என்று தெரியவில்லை. 2012-இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, தியேட்டரில் ஓடுவது தவிர மற்ற வழிகளில் வருகிற வருமானத்தில் எழுதினவருக்கு உள்ள பங்கை அவரே நினைத்தாலும் விட்டுக்கொடுக்க முடியாது என்று எழுதிவைத்தார்கள். இதைக் கோடம்பாக்கத்தில் எடுத்துச் சொல்லிப் பாருங்கள். "சார் நெறையப் படிச்சிருக்கீங்க" என்று கும்பிடு போட்டு, அடுத்த படத்துக்கு வேறு ஆளைக் கூப்பிடுவார்கள்.

காசு கைமேல் வருகிற ஒரே துறை, உங்கள் பெயர் எங்கேயும் வராத துறை. அமைச்சரின் சுயசரிதை, நடிகரின் ட்வீட், தொழிலதிபரின் மணிவிழா மலர், கட்சி ஐ.டி. அணிக்குத் தினம் பத்து வசவு. வசவுக்குக்கூட ரேட் இருக்கிறது, கவிதைக்குத்தான் இல்லை. இதிலே கொழிப்பது முனைவர் பட்ட ஆய்வேடு. பல்கலைக்கழக வாசலில் ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் ஒரு அறை. அட்வான்ஸ் பாதி, வைவா தேதி வந்ததும் மீதி. 2018-இல் யு.ஜி.சி. கொண்டுவந்த ஒழுங்குமுறைப்படி பிறர் எழுத்தோடு பத்து சதவீதம் வரைக்கும் ஒப்புமை இருந்தால் தண்டனை இல்லை. நீங்கள் நேர்மையான எழுத்தாளர், திருடாமல் சொந்தமாக எழுதுவீர்கள். மென்பொருள் ஓட்டிப் பார்த்தால் இரண்டு சதவீதம் காட்டும். முழுப் புத்தகமும் இன்னொருவருடையது என்று காட்ட அதற்குத் தெரியாது. பட்டம் வாங்கியவர் உதவிப் பேராசிரியராகி, உங்கள் சிறுகதையைப் பாடமாக நடத்துவார், உங்களுக்கு நடை போதாது என்று மாணவர்களிடம் சொல்லுவார். அந்தச் சம்பளம் ஏழாவது ஊதியக் குழுவில் வருகிறது.

மொழிபெயர்ப்பு நாலைந்து வருஷம் முன்புவரை மானமாக இருந்தது. சொல்லுக்கு இத்தனை என்று எண்ணிக் கொடுத்தார்கள். இப்போது அழைப்பு இப்படி வருகிறது: "மெஷின் மொழிபெயர்த்திருச்சு சார், நீங்க சும்மா ஒரு பார்வை பார்த்தா போதும்." கோப்பைத் திறந்தால் 'தலைவலி மாத்திரை' தலையில் வலிக்கிறது, ஒரு வரி விடாமல் திரும்ப எழுத வேண்டும். ரேட் மட்டும் பார்வைக்கு உண்டான ரேட். அந்த மெஷினுக்குத் தமிழ் எங்கிருந்து வந்தது? நாம் இணையத்தில் சும்மா எழுதிக் குவித்ததைத் தின்றுதானே வளர்ந்தது? சிப் செய்தவனுக்குக் காசு போயிற்று, மின்சாரத்துக்குப் பில் கட்டியாயிற்று, என்ஜினீயருக்குப் பங்கு கொடுத்தாயிற்று. வாக்கியம் எழுதினவனை மட்டும் பிழை திருத்தக் கூப்பிடுகிறார்கள், குறைந்த கூலிக்கு.

விதிவிலக்கு இல்லையா? கோயம்புத்தூரில் ராஜேஷ்குமார் இருக்கிறார். எழுத்தையே தொழிலாக வைத்து நிமிர்ந்து வாழ்ந்துகாட்டியவர். எழுதிய நாவல்கள் 1500-க்கு மேல். உங்கள் பிள்ளைக்கு அந்த உடம்பு வாகு இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டிக்கொள்ளுங்கள். இலக்கியவாதிகள் அவரை எழுத்தாளர் கணக்கில் சேர்ப்பதில்லை; கூலி வாங்கினால் ஜாதி கெட்டுவிடும் என்று அங்கேயும் ஒரு ஆசாரம்.

விருது உண்டே. சாகித்ய அகாதமி பரிசு 2009-இல் ஒரு லட்சம் ஆயிற்று, அப்படியே நிற்கிறது. அதற்கப்புறம் தங்கம் எங்கே போயிற்று என்று வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். 'எழுத்து' பத்திரிகை நடத்தி, புத்தகத்தைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாக விற்ற சி.சு. செல்லப்பா 1998-இல் காலமானார். பரிசு 2001-இல் வந்தது. வயதான காலத்தில் அரசு உதவித்தொகையும் கேட்கலாம். 58 வயது முடிந்திருக்க வேண்டும். ஏழைதான் என்று வட்டாட்சியர் சான்று தர வேண்டும். முப்பது புத்தகம் எழுதியிருந்தாலும் போதாது. இவர் தமிழ்ப்பணி செய்தார் என்று தமிழறிஞர்கள் இரண்டு பேர் தகுதிச் சான்று எழுதித் தர வேண்டும். ஏழ்மைக்கு ஒரு கையெழுத்து போதும், தமிழுக்கு இரண்டு.

எஞ்சியிருப்பது கூட்டம். எழுதினவனுக்குப் பைசா இல்லாத நாட்டில், எழுதியதைப் பற்றிப் பேசுகிறவருக்குக் கார், ஏசி அறை, கவர் எல்லாம் உண்டு. ஆகவே பிள்ளைக்குப் பேச்சும் சொல்லிக்கொடுங்கள் என்று முடித்திருப்பேன். ஆனால் போன மாதம் ஒரு இலக்கிய அமைப்பிலிருந்து போன் வந்தது. "ஐயா, உங்க நாவலைப் பத்தி முழுநாள் கருத்தரங்கு. நீங்க வந்து ஏற்புரை தரணும்."

"சரிங்க. போக்குவரத்து, சன்மானம் எப்படி?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். "ஐயா, நாங்க லாப நோக்கம் இல்லாத அமைப்பு."

"மண்டபம் சும்மா கொடுத்தாங்களா?"

"இல்லீங்க, வாடகை."

"மைக்செட்?"

"அவர் நம்ம பையன்தான். ஆனா அட்வான்ஸ் வாங்கிட்டான்."

"சாப்பாடு?"

"மெஸ்ல சொல்லியாச்சுங்க. நூத்தம்பது இலை."

"வீடியோ எடுக்கிறவர், பொன்னாடை, கேடயம், ஃபிளெக்ஸ்?"

"அதெல்லாம் செலவுதானுங்களே. ஐயா இப்படிக் கேப்பீங்கன்னு எதிர்பார்க்கல." குரலில் இருந்தது கோபம் இல்லை, அருவருப்பு. கோயிலுக்குள் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தவனைப் பார்த்த குரல். பத்தாயிரம் ரூபாய், ரயில் டிக்கெட் தனி என்றேன். கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார், சொல்லவில்லை.

கருத்தரங்கு நடந்தது. என் நாவலை விட்டுவிட்டு இன்னொருவரின் கவிதைத் தொகுப்புக்கு மாற்றிவிட்டார்கள். அவர் சொந்தச் செலவில், ராத்திரி பஸ்ஸில், உட்கார்ந்தபடியே போனாராம். இதுதான் எனக்குத் தாங்கவில்லை. பதிப்பாளரும் தயாரிப்பாளரும் பல்கலைக்கழகமும் நம்மை ஏய்ப்பது இருக்கட்டும்; ஒருவன் கூலி கேட்டால் அடுத்த நிமிஷமே சும்மா வருகிறேன் என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்ப நம்மிலேயே நூறு பேர் வரிசையில் நிற்கிறோம். சித்தாள் வேலைக்கு ஒரு ஆள் ரேட்டைக் குறைத்தால் மற்ற சித்தாட்கள் முனையில் நிறுத்திக் கேட்பார்கள். இங்கே கைதட்டுகிறோம்.

படங்கள் அன்றிரவே முகநூலில் வந்தன. கவிஞர் பச்சை பார்டர் பொன்னாடையில் முகமெல்லாம் பூரிப்பாக நிற்கிறார். பின்னால் பெரிய ஃபிளெக்ஸ். முன்கூட்டியே அடித்துவிட்டார்கள்போல, என் பெயர் இருந்த இடத்தில் அவர் பெயரை ஸ்டிக்கராக ஒட்டியிருந்தார்கள், ஓரத்தில் என் இனிஷியல் கொஞ்சம் தெரிந்தது. விசாரித்தேன். ஸ்டிக்கர்காரர் ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லி இருநூறு ரூபாய் சேர்த்தே வாங்கியிருக்கிறார்.